ரெட்ரோவா, டூரிஸ்ட் ஃபேமிலியா? பெங்களூர் டிக்கெட் விலையில் ஒரு ஒப்பீடு

ரெண்டும் தமிழ்ப் படங்கள், ரெண்டுமே 2025 மே 1 அன்று வந்தவை. வியாழன், விடுமுறை வேறு. பெங்களூரின் அல்சூர், ராமமூர்த்தி நகர் பக்கத்துத் தமிழர்களிடம் அன்று கேட்டிருந்தால் பத்தில் ஒன்பது பேர் ரெட்ரோ என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாயகன் சூர்யா, இயக்கம் கார்த்திக் சுப்பராஜ், இசை சந்தோஷ் நாராயணன், பிறகென்ன வேண்டும்?

ரெட்ரோவின் முதல் பாதி நிஜமாகவே பிடித்தது, சூர்யா உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். ஆனால் தீவுக்குப் போனதும் கதை எங்கெங்கோ அலைகிறது, கிட்டத்தட்ட 2 மணி 48 நிமிடம் உட்கார்வது சிரமம். தயாரிப்பு நிறுவனம் 235 கோடி என்று அறிவித்ததே என்பார்கள். அது தியேட்டர் வசூலோடு மற்ற உரிமைகளையும் சேர்த்த கணக்கு, அதை வைத்து ஜனங்களுக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது.

டூரிஸ்ட் ஃபேமிலிக்கு அப்படி எந்த ஆரவாரமும் இல்லை. சசிகுமார், சிம்ரன், புது இயக்குநர் அபிஷன் ஜீவிந்த், இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்து ஒளிந்து வாழும் ஒரு குடும்பம், அவ்வளவுதான். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே 50 கோடியைத் தாண்டியது! ஊர்விட்டு ஊர் வந்து அக்கம்பக்கத்தாரோடு பழகிப் பிழைக்கும் நமக்கு அந்தக் குடும்பம் குடியேறும் காலனி நன்றாகவே புரியும்.

அப்புறம் விலை. தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு, இங்கே பெங்களூரில் அப்போது கிடையாது. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு படம்தான் கட்டுப்படியாகும் என்றால் என் ஓட்டு டூரிஸ்ட் ஃபேமிலிக்குத்தான். சூர்யா ரசிகராக இருந்தால் மட்டும் ரெட்ரோ.