ஸ்லைடா, டெமோவா, கையில் கொடுப்பதா?

கல்வித் தொழில்நுட்பம் பற்றிப் பேசப் போனால் கணக்கு ஆசிரியர், பெற்றோர், கல்வி அலுவலர், மென்பொருள் எழுதுபவர் என்று எல்லாரும் கலந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஜியோஜீப்ராவை அறிமுகப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். 2001-இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் சால்ஸ்பர்க்கில் தொடங்கிய கணித மென்பொருள் அது. அதை ஸ்லைடில் சொல்வதா, நாமே இயக்கி டெமோ காட்டுவதா, கேட்பவர்கள் கையிலேயே கொடுத்துச் செய்யச் சொல்வதா?

ஸ்லைடு பத்திரமான வழி. நேரம் கைக்குள் இருக்கும், அலுவலருக்கு அப்படியே அனுப்பியும் விடலாம். ஆனால் 'முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை' என்று எழுதிக் காட்டினால் ஆசிரியருக்கு அது தெரிந்த கதை, பெற்றோருக்கு மறந்துபோன கதை. இரண்டு தரப்பும் போனை எடுத்துவிடும். 2003-இல் டோக்கியோவில் பிறந்த பெச்சா குச்சா முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. இழுத்துப் பேசுகிறவர்களுக்கு நல்ல கடிவாளம். ஆனால் பின்வரிசையில் ஒருவர் முழிப்பது தெரிந்தாலும் நிறுத்தி விளக்க வழியில்லை. கலவையான கூட்டத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

என் ஓட்டு டெமோவுக்குத்தான். திரையில் ஒரு முக்கோணம். "இதைப் பெரிசாக்கினால் கோணங்களின் கூடுதலும் கூடுமா?" என்று கேட்டு, கை தூக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு முனையைப் பிடித்து இழுங்கள். மூன்று கோணங்களும் மாறும், கூடுதல் அசையாது. பதில் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர்கள் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோணங்கள் 60.4, 60.4, 59.2 என்று இருக்கும்போது, திரை முழு எண்ணாகக் காட்டினால் 60, 60, 59. கூட்டினால் 179! கணக்கு ஆசிரியர் யாராவது கண்டிப்பாகக் கூட்டிப் பார்ப்பார். அதை மறைக்க வேண்டாம். தசம இடங்களை அதிகமாக்கிக் காட்டுங்கள், முழுதாக்கல் பற்றிய நல்ல பேச்சு அங்கே தொடங்கும். ஸ்லைடில் இப்படி ஒரு கேள்வி எழவே எழாது.

எல்லார் போனிலும் செய்யச் சொல்வது ஆசிரியர் பயிற்சிக்கு அருமை. பொதுக் கூட்டத்தில் வைஃபை கடவுச்சொல் சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும், பழைய போன் வைத்திருப்பவர் ஒதுங்கிவிடுவார். சின்னக் கூட்டம், வரிசைக்கு ஓர் உதவியாளர் என்றால் சரி.

டெமோ காலை வாரும் என்ற பயம் நியாயமானதே. இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள், அதே டெமோவை வீடியோவாகவும் பதிந்து வையுங்கள். ஸ்லைடை ஒரே பக்கமாகச் சுருக்கி, முடிந்தபின் அலுவலரிடம் கொடுக்கலாம். தொடங்குமுன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, கோண எண்கள் அங்கிருந்து படிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள்.