கலர் டாட்டூவை லேசரில் எடுத்தேன்: மூன்று வருடம் ஆகப்போகிறது, கை இப்போது எப்படி இருக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுசாகப் போகவில்லை. சிவப்பு போய்விட்டது, கறுப்புக் கோடு போய்விட்டது, நீலம் ஏறக்குறைய போய்விட்டது. பச்சை மட்டும், மலிவு வளையலைப் போட்டுக் கழற்றிய மணிக்கட்டு மாதிரி லேசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் டாட்டூ இருந்தது என்று நினைப்பதில்லை, எங்கேயாவது அடிபட்டதா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இது திருப்திதான். ஆனால் ஆரம்பத்தில் பணம் வாங்கும்போது எனக்குச் சொன்ன கதை வேறு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இடது முன்கையில் ஒரு மயில். கழுத்து நீலம், தோகை பச்சை, தோகைக் கண்களில் மஞ்சளும் சிவப்பும், பளபளப்புக்கு அங்கங்கே வெள்ளை, சுற்றிலும் கறுப்பு அவுட்லைன். ஒரு டாட்டூவில் லேசர்காரர்களுக்குத் தலைவலி தரக்கூடிய அத்தனையும் ஒரே இடத்தில். ஏன் எடுக்கிறாய் என்று மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கே கேட்டு முடித்துவிட்டது. அம்மாவுக்கு அதைக் குத்திக்கொண்டு வந்தபோது கோபம், எடுக்கப்போகிறேன் என்றதும் அதைவிடக் கோபம். "முருகனோட வாகனம்டி, அதைப் போய்ப் பொசுக்குவியா?" பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான் காரணம்.

நான் முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். அந்தேரிப் பக்கம், பளபளவென்று இருக்கும், முடி நீக்குவதும் முகம் வெளுப்பாக்குவதும்தான் அவர்களுக்கு முக்கிய வியாபாரம். "எல்லா கலரும் ஆறு சிட்டிங்கில் போய்விடும், பாக்கேஜாக எடுத்தால் தள்ளுபடி" என்றார்கள். அங்கே இருந்தது க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் மெஷின். நல்ல மெஷின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது இரண்டு அலைநீளத்தில்தான் வேலை செய்யும்: 1064 நானோமீட்டர், 532 நானோமீட்டர். கலர் டாட்டூ வைத்திருப்பவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இந்த எண்களைத்தான்.

ஏன் என்றால், மை எந்த ஒளியை விழுங்குகிறதோ அந்த ஒளியால்தான் அது உடையும். 532 என்பது பச்சை ஒளி. சிவப்பு மை அதை நன்றாக விழுங்கும், அதனால் சிவப்பு சீக்கிரம் போகும். பச்சை மை பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால்தானே அது நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. அதற்குச் சிவப்புப் பக்க ஒளி வேண்டும், அதாவது 694இல் வேலை செய்யும் ரூபி லேசர் அல்லது 755இல் வேலை செய்யும் அலெக்ஸாண்ட்ரைட் லேசர். 1064 கறுப்புக்கும் அடர்நீலத்துக்கும். அந்த இடத்தில் என் பச்சையின் மேல் எத்தனை தடவை 1064ஐ அடித்தாலும் அது அசையவில்லை. "உங்கள் உடம்பு மெதுவாக எடுத்துக்கொள்கிறது" என்றார் அங்கிருந்த பெண். உடம்பு என்ன செய்யும், அதற்கான ஒளியே அந்தப் பெட்டிக்குள் இல்லையே!

சில இடங்களில் "எங்களிடம் 650 இருக்கிறது, பச்சைக்கும் செய்வோம்" என்பார்கள். அது பொய் இல்லை. 532ஐச் சாயம் கலந்த ஒரு முனை வழியாக விட்டு 650ஆக மாற்றுவது. ஆனால் அதில் சக்தி குறைவு, விழும் புள்ளியும் சின்னது. சின்ன டாட்டூவுக்குச் சரி, என் மயில் தோகைக்குப் போதாது.

வலியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். குத்தும்போது வலித்ததைவிட அதிகம், ஆனால் நேரம் குறைவு. ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் க்ரீமைத் தடவி பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடுவார்கள், பிறகு குளிர்காற்றை அடித்துக்கொண்டே சுடுவார்கள். பட் பட்டென்று சத்தம், முடி கருகும் வாசனை, சுட்ட இடம் உடனே வெள்ளையாகப் பொங்கிவிடும். அந்த வெள்ளை உள்ளே உண்டாகும் வாயுக் குமிழ்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதல் தடவை அதைப் பார்த்து மையெல்லாம் அங்கேயே எரிந்து போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்படி இல்லை. லேசர் மையை உடைக்க மட்டும்தான் செய்கிறது, பொடியான துகள்களை எடுத்துப்போவது நம் உடம்பின் செல்களும் நிணநீரும்தான். 2018இல் பிரான்ஸில் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மையைப் பிடித்து வைத்திருக்கும் செல் செத்தாலும் அது விட்ட மையைப் புதிதாக வரும் செல் மறுபடி பிடித்துக்கொள்கிறது என்று கண்டார்கள். டாட்டூ ஏன் இத்தனை வருஷம் போகாமல் இருக்கிறது, லேசர் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு சிட்டிங்குக்கு நடுவே ஆறு முதல் எட்டு வாரமாவது விட வேண்டும். மாதம் ஒரு தடவை வா என்று சொல்கிற இடத்தில் அவசரம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

இனி முக்கியமானது, நம் தோல். இணையத்தில் காட்டும் முன்-பின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்முடையது மெலனின், அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருள், நிறைய உள்ள தோல், 532ஐ மையைப் போலவே மெலனினும் விழுங்கும். என் சிவப்பு மை நாலைந்து தடவையிலேயே காணாமல் போனது, ஆனால் அது இருந்த இடத்தில் தோலின் நிறமும் சேர்ந்து போய், மயிலின் தோகைக் கண்கள் அப்படியே வெள்ளைப் புள்ளிகளாக நின்றன. அம்மா அதைப் பார்த்து வெண்குஷ்டம் என்றே முடிவு கட்டிவிட்டாள். நிறம் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, ஒரு புள்ளி இன்னும் முழுசாக வரவில்லை. பக்கத்திலேயே வேறு சில இடங்கள் கறுத்துப்போய்ப் பிறகு தெளிந்தன. அதனால் நம்மைப் போன்றவர்களுக்குக் குறைந்த சக்தியில், மெதுவாக, அதிக இடைவெளி விட்டுச் செய்பவர்தான் சரியான ஆள். பவரைக் கூட்டி நாலு சிட்டிங்கில் முடிக்கிறேன் என்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வெள்ளை மை. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. வெள்ளையில் டைட்டானியம் டை ஆக்ஸைடு இருக்கும். லேசர் பட்டால் அது வேதிமாற்றம் அடைந்து அந்த நொடியே சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறிவிடக்கூடும். உதட்டுக்கும் புருவத்துக்கும் போடும் நிறமிகளில் இரும்பு ஆக்ஸைடும் உண்டு, அதுவும் இப்படியே கறுக்கும். புருவ டாட்டூவை எடுக்க நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். என் மயிலின் வெள்ளைப் பொட்டுகள் கண்ணெதிரே அழுக்குச் சாம்பலாக மாறின. நல்லவேளையாக அதற்குள் நான் இடம் மாறியிருந்தேன். இரண்டாவது இடத்து டாக்டர் முதலில் ஒரே ஒரு பொட்டில் சோதித்துப் பார்த்து, "இது கறுக்கிறது, மற்றதைக் கறுப்பாக்கித்தான் எடுக்கணும், சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். கறுத்ததைப் பிறகு 1064 கொண்டு எடுத்தார். சோதனைப் பொட்டு வைக்காமல் முழு டாட்டூவையும் சுடும் இடத்துக்குப் போகாதீர்கள்.

அந்த இரண்டாவது இடம் மாட்டுங்காவிலிருந்து நடக்கிற தூரம், தோல் மருத்துவர் தானே நின்று செய்கிறார். அங்கே 755இல் பிகோசெகண்ட் லேசர் இருந்தது. பழைய மெஷின் நானோசெகண்டில், அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அடிக்கும். பிகோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. அடி அவ்வளவு குறுகியதாக இருப்பதால் சூடு பரவுவதைவிட மை நொறுங்குவது அதிகம். டாட்டூவுக்கான முதல் பிகோ மெஷினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2012 கடைசியில்தான். இரண்டு தடவையிலேயே என் பச்சையில் வித்தியாசம் தெரிந்தது, அத்தனை மாதம் அசையாமல் கிடந்த பச்சை! இன்னொன்றும் கவனித்தேன். அலைநீளம் மாற்றும்போதெல்லாம் எனக்கும் அவருக்கும் கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடியை மாற்றினார், ஒரு கண்ணாடி எல்லா ஒளியையும் தடுக்காது. முதல் இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கண்ணாடிதான் தந்தார்கள், அதைப் பிறகுதான் யோசித்தேன்.

மஞ்சள் கடைசிவரை முரண்டு பிடித்தது. 532 பிகோவில் பாதி குறைந்தது, மீதி என் தோல் நிறத்தோடு கலந்து தெரியாமல் போய்விட்டது. அதை வெற்றி என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் செய்ய வேண்டியது கஷ்டமில்லை, மும்பையில் செய்வதுதான் கஷ்டம். கொப்புளம் வரும், உடைக்கக் கூடாது, வாஸலின் தடவி ஒட்டாத காஸ் துணி போட்டு மூட வேண்டும். இந்த ஊர் வேர்வையில் அது இரண்டு மணி நேரத்தில் நசநசத்துவிடும். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் கொப்புளத்தோடு கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். சிட்டிங்குக்கு மறுநாள் லீவு போடுங்கள். வெயில் கூடவே கூடாது. தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே விற்கிறார்களே ஸ்கூட்டர்காரர்கள் மாட்டும் கை உறை, புண் ஆறினபிறகு அது போதும், மேலே சன்ஸ்க்ரீன் வேறு. முடிந்தால் ஜூனில் ஆரம்பியுங்கள், மழையில் வெயில் குறைவு. அக்டோபர் வெயிலில் நான் போனபோதுதான் தோல் அதிகம் கறுத்தது.

செலவு: ஒவ்வொரு இடத்திலும் சதுர அங்குலக் கணக்கு, பிகோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழகுச் சிகிச்சை என்பதால் நான் கட்டியபோது மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி., இன்ஷூரன்ஸில் ஒரு பைசா வராது. குத்துவதற்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு ஆனது, தொகையைச் சொன்னால் அம்மா இதையும் படித்துவிடுவாள்.

போவதற்கு முன் உங்கள் டாட்டூவின் சிவப்பு அடிக்கடி அரித்தாலோ தடித்தாலோ அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது மைக்கு அலர்ஜியாக இருக்கலாம், லேசர் அந்த மையை உடைத்து உடம்பெல்லாம் பரப்பினால் ஆபத்து. கீலாய்டு, அதாவது காயம் ஆறின இடத்தில் தழும்பு தடித்து வளர்வது, வரும் தோல் என்றாலும் சொல்லுங்கள். விரல், கணுக்கால் மாதிரி இடங்களில் ரத்த ஓட்டமும் நிணநீர் ஓட்டமும் மெதுவாக இருப்பதால் இன்னும் அதிக தடவை ஆகும்.

மிச்சமிருக்கும் பச்சைக்கு இன்னொரு சிட்டிங் வேண்டுமா என்று போன மாதம் கேட்டேன். கடைசி சிட்டிங்குக்குப் பிறகும் பல மாதம் மை குறைந்துகொண்டே இருக்கும், ஒரு வருஷம் சும்மா விடு என்றார் டாக்டர். அம்மா இதற்குள் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வேல் குத்திக்கொள்ளலாமே என்று ஆரம்பித்திருக்கிறாள். கறுப்பில் மட்டும் என்றால் யோசிப்பேன்.