போர்த் தண்ணீரும் பூட்டிய வீடும்: செட்டிநாட்டில் டிஷ்வாஷர் வைத்திருந்த அனுபவம்

2020 ஊரடங்கில் பாத்திரம் தேய்க்க ஆள் வர முடியாமல் போனபோது வாங்கிய மெஷின். முன்பக்கம் கதவு திறக்கும் வகை, 13 செட் கொள்ளும் என்று அட்டையில் போட்டிருந்தது. அந்தக் கணக்கு வெள்ளைக்காரர் தட்டுக்கும் கோப்பைக்கும் போட்டது. நம் வட்டில், கும்பா, டம்ளர், குழம்புச் சட்டி என்று அடுக்கினால் ஆறேழு பேர் சாப்பிட்ட பாத்திரத்தோடு நிறைந்துவிடும். எப்படியோ, இன்றும் ஓடுகிறது.

இடையில் வந்த கோளாறுகளை நினைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மெஷினுடைய கோளாறே இல்லை, தண்ணீருடையது. மிச்சத்தில் பெரும்பாலானவை வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப் போட்டதால் வந்தவை. அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பவர்களிடம், உங்கள் வீட்டுத் தண்ணீர் எது, வருடத்தில் எத்தனை மாதம் வீடு திறந்திருக்கும் என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். கம்பெனி ஆள் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோதான் வர வேண்டும் என்பதால், சின்னச் சின்னக் கோளாறுகளை நாமே கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பதும் நல்லது.

முதலில் தண்ணீர். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பள்ளத்தூர்ப் பக்கம் வீடு, சமையலறைக்கு வருவது போர்த் தண்ணீர். துவரம்பருப்பு வேக அடம்பிடிக்கும், சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அந்தக் காலத்தில் வளவு வாசலில் (வீட்டின் நடு முற்றத்தில்) விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்து, பருப்பு வேகவைக்க அதைத்தான் எடுப்பார்கள் என்று மாமியார் சொல்வார். விஷயம் சரிதான். பருப்பை வேகவிடாத கால்சியமும் மக்னீசியமும்தான் டிஷ்வாஷரையும் கெடுக்கின்றன, மழைநீரில் அவை அநேகமாக இருக்காது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500 தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது இவ்விரண்டின் அளவை, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் போர்த் தண்ணீர் 500ஐ ஒட்டி இருந்தது. மெஷினைப் பொருத்த வந்தவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கி ஒரு எண்ணைச் சொன்னார். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுவது. மெஷினுக்குப் பகை கால்சியம், மக்னீசியம் இரண்டும்தான். கடினத்தன்மை பார்க்கத் தனியாகக் காகிதப் பட்டை கிடைக்கிறது, அதில் பாருங்கள். சில மெஷின்களின் கையேட்டில் ஜெர்மன் டிகிரியில் போட்டிருக்கும். மில்லிகிராம் கணக்கை 17.8ஆல் வகுத்தால் அது வந்துவிடும். எங்களுடையது 28 டிகிரி. தண்ணீரின் கடினத்தன்மைக்குத் தகுந்த அளவை மெஷினில் வைக்க வேண்டும். அது எந்த அளவில் வைக்கப்பட்டு வந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார் பொருத்தியவர். முதல் மாதம் டம்ளரெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவியதுபோல வெளுத்து வந்ததற்கு அதுதான் காரணம்.

மெஷினின் அடியில் உப்புக் குழி ஒன்று இருக்கும். அங்கே போடும் உப்பு பாத்திரத்தில் படுவதில்லை. உள்ளே சின்னச் சின்ன ரெசின் மணிகள் இருக்கின்றன. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசல் ஓடி அவற்றைக் கழுவி மறுபடி தயார்ப்படுத்தும். “உப்புத் தண்ணிக்கு உப்பையே போடச் சொல்லுதா இந்த மெஷினு?” என்று மாமியார் இன்றைக்கும் சிரிப்பார். கடினத்தன்மை அளவைக் கூட்டி வைத்தால் இந்தக் கழுவல் அடிக்கடி நடக்கும், உப்பும் கூடுதலாகச் செலவாகும். டம்ளர் வெளுப்பது நின்றது அதற்கப்புறம்தான்.

சமையல் உப்பைப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. தூள் உப்பில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கிறது, பொடியாக இருப்பதால் அடைத்துக்கொள்ளவும் செய்யும். கடையில் கிடைக்கும் கல்லுப்பும் சரிப்படாது. அதில் மண் இருக்கும், போதாக்குறைக்கு எதை அகற்றப் பார்க்கிறோமோ அந்தக் கால்சியமும் மக்னீசியமுமே கொஞ்சம் இருக்கும். டிஷ்வாஷர் உப்பு என்றே விற்பதை வாங்குவதுதான் வழி. போடுவதை, மெஷினை ஓட்டுவதற்குச் சற்று முன் போடுங்கள். குழி வாயில் சிந்தும் உப்பு நீர் ராத்திரி முழுக்க அங்கேயே நின்றால் எவர்சில்வரையும் அரிக்கும். உப்பும் சேர்ந்தே வருவதாகச் சொல்லும் டேப்லெட் எங்கள் தண்ணீருக்குப் போதவே இல்லை. பவுடர், உப்பு, ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் வடியச் செய்யும் திரவம்) மூன்றையும் தனித்தனியாகப் போடுவதுதான் ஒத்துவந்தது.

கண்ணாடி டம்ளர் வெளுத்திருந்தால் உடனே உப்பைக் கூட்டிவிட வேண்டாம். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தேய்த்துப் பாருங்கள். வெளுப்பு போனால் அது தண்ணீர்ப் படிவு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது. தண்ணீரை அளவுக்கு மீறி மென்மையாக்கி, சூட்டையும் கூட்டி, பவுடரையும் அள்ளிப் போட்டால் அப்படி ஆகும்.

உள்ளே படிந்ததைக் கரைக்க நான் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) வாங்குகிறேன். காலி மெஷினுக்குள் 100 கிராம் அளவுக்குப் போட்டு நல்ல சூட்டில் ஒரு சுற்று. வினிகரை மாதாமாதம் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, ரப்பருக்கு ஆகாது. இன்னொன்று, தரை ஆத்தங்குடிக் கல் என்றால் எலுமிச்சை உப்புக் கரைசலைக் கீழே சிந்தாதீர்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது, புளிப்புப் பட்டால் மேல்பளபளப்பு போய்விடும். மெருகேறிய தரையில் வெள்ளைத் திட்டு விழுந்தால் வீட்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

அடுத்து, தண்ணீர் வரவில்லை என்று மெஷின் கத்துவது. கோளாறு எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், காரணம் அநேகமாக ஒன்றுதான். வந்த டெக்னீஷியன் வால்வு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். அவர் போனபின் வீட்டுக்காரர் குழாயை அடைத்துவிட்டு ஹோஸைக் கழற்றினார். குழாயோடு சேரும் வாயில் இருந்த குட்டிச் சல்லடை முழுக்கப் போர் மணல். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் சரியாகிவிட்டது. வால்வு இன்றுவரை பழையதுதான். டேங்க்கின் உயரமும் முக்கியம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கும், அதாவது மூன்று முதல் ஐந்து மீட்டர். எங்களைப் போலப் பின்கட்டு ஓட்டுச் சாய்ப்புக்குப் பக்கத்தில் தாழ்வாக டேங்க் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள்.

கரண்டும் கவனிக்க வேண்டியதுதான். ஹீட்டர் மட்டும் 2,000 வாட் அளவுக்கு இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கென்று தனி ஒயரும் வேண்டும், பழைய வீட்டு ஒயரிங்கை நம்பக் கூடாது. சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி 60 சதவீதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் சூடேறும்வரை மெஷின் காத்திருக்கும், சுற்று முடியாமல் இழுத்துக்கொண்டே போகும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டுவிட்டுப் படுப்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

அடைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறிவேப்பிலை, கடுகு, புளிக்கோது, முருங்கைக்காய் நார் நான்கையும் வழித்துப் போட்டுவிட்டு அடுக்கினால் பாதித் தொல்லை இல்லை. பாத்திரத்தைக் கழுவி வைக்க வேண்டியதில்லை, வழித்தால் போதும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறோம். எப்போதும் 50 டிகிரி எக்கோ என்னும் சிக்கனச் சுற்றிலேயே ஓட்டினால் நல்லெண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரிலும் கதவு ரப்பரிலும் மஞ்சளாகப் படியும், அப்புறம் நாற்றமடிக்கும். அவ்வப்போது 70 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டினால் அது கரைந்து போகிறது. கவுனி அரிசி கிண்டிய பாத்திரம் மட்டும் ஊறப்போடாமல் எந்தச் சூட்டிலும் சுத்தமாகாது.

எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி எல்லாம் தாராளமாகப் போகலாம். பித்தளையும் செம்பும் நிறம் மங்கும், அலுமினியம் கறுக்கும், இரும்புப் பணியாரக்கல் துருப்பிடிக்கும். ஈயச் சொம்பு, கல்சட்டி, மர ஆப்பை, மத்து இவற்றுக்கெல்லாம் கைதான். அலமாரியில் இருக்கும் பழைய எனாமல் சாமானில் விளிம்பு கொஞ்சம் பெயர்ந்திருந்தாலும் உள்ளே வைக்காதீர்கள், பெயர்ந்த இடத்தில் துரு ஏறிவிடும்.

ஒரு பிள்ளையார் நோன்பு சமயம், வீடு நிறைய உறவினர். பவுடர் தீர்ந்திருக்கிறது என்று யாரோ பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஊற்றி ஓட்டிவிட்டார்கள். கதவு இடுக்கெல்லாம் நுரை. அப்புறம் மெஷின் தண்ணீர் எடுக்கவே இல்லை, வெளியேற்றும் மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடியது. அடித்தட்டில் ஒரு தெர்மகோல் மிதவை இருக்கிறது. அங்கே தண்ணீர் சேர்ந்தால் அது மேலே எழும்பி மெஷினை மடக்கிவிடும், வீடு வெள்ளமாகாமல் இருக்க அந்த ஏற்பாடு. பிளக்கைப் பிடுங்கி, குழாயை அடைத்து, நுரையை அள்ளிப் போட்டோம். அப்புறம் இரண்டு பேர் பிடித்து மெஷினை மெதுவாகச் சாய்த்துத் தட்டில் நின்ற தண்ணீரை வடித்துக் காயவிட்டோம், மறுநாள் ஓடியது. இப்போது மெஷின் மேல் எழுதியே ஒட்டியிருக்கிறது.

பூட்டிப் போடும் வீட்டுக்காரர்களுக்குக் கடைசியாக. நோன்பு, பொங்கல், கல்யாணம் என்று கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினால் மெஷின் மாதக்கணக்கில் கிடக்கும். கிளம்புமுன் சூடான தண்ணீரில் ஒரு சுற்று, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுவது, குழாயை அடைப்பது, பிளக்கைப் பிடுங்குவது. கதவை லேசாகத் திறந்து வைக்கச் சொல்வார்கள். இங்கே அப்படி விட்டால் கரப்பானும் பல்லியும் குடியேறிவிடும் என்பதால் உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிட்டு மூடிவிடுகிறேன். பின்னால் போகும் ஹோஸை எலி ஒருமுறை கடித்துவிட்டது. அந்தப் பக்கம் இப்போது கம்பி வலை அடித்திருக்கிறோம்.

திரும்பி வந்ததும் முதல் ஓட்டத்தில் மோட்டார் உறுமிக்கொண்டு தண்ணீரை வெளியேற்றாமல் நின்றால் பயப்பட வேண்டாம். அடியில் நின்ற தண்ணீர் வற்றி மிச்சப் பிசுக்கு இறுகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டரை எடுத்து, உள்ளே தெரியும் மூடியைக் கழற்றினால் பம்ப்பின் இறக்கை கைக்கு எட்டும். கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு விரலால் சுற்றிவிட்டால் போதும், உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம், பார்த்து. வீட்டைப் பார்த்துக்கொள்பவரை மாதம் ஒருமுறை வெறும் ரின்ஸ் ஓட்டச் சொல்லிவிட்டு வந்தபின் இந்த வேலையும் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. பாத்திரமே இல்லாமல் எதற்கு ஆச்சி ஓட்டுவது என்று அவர் கேட்கத்தான் செய்கிறார். ஆனாலும் ஓட்டிவிடுகிறார்.