பாரிஸ் டிஸ்னி பஃபலோ பில் ஷோ: மூடினப்புறம் ஒரு ரிவ்யூ

மூடிப்போன ஷோவுக்கு இப்ப எதுக்கு ரிவ்யூன்னு கேப்பீங்க. நேத்து அலமாரி மேல சூட்கேஸ் எடுக்கப்போக, அந்த வைக்கோல் தொப்பி தலையில வந்து விழுந்துச்சு, பச்சை ரிப்பன் சுத்தினது, அதான்.

தெரியாதவங்களுக்கு, இது சாப்பிட்டுக்கிட்டே கௌபாய்ங்க குதிரை சாகசம் பாக்குற ஷோ. பாரிஸ் புறநகர் ட்ரெயின் ஆர்ஈஆர் ஏ லைன்ல கடைசி ஸ்டேஷன்ல இறங்கினா, பார்க் பக்கத்துலயே கடைங்க இருக்குற டிஸ்னி வில்லேஜ், அங்கதான் 1992 ஏப்ரல்ல பார்க் தொறந்த நாள்லேர்ந்து இது ஓடுச்சு. பார்க் டிக்கெட் தேவைப்படல, இதுக்கு தனி டிக்கெட், நாங்க போனப்ப தலைக்கு அறுபது யூரோவ தாண்டுச்சு. அம்மா விலைய கேட்டுட்டு "குதிரைய பாக்க இவ்ளோவா"ன்னு ட்ரெயின்ல பாதி வழி புலம்பிட்டே வந்தாங்க.

உள்ள நுழையும்போதே ஆளுக்கொரு தொப்பி குடுத்துடுவாங்க. நீலம், பச்சை, சிவப்பு, தங்கக் கலர்னு நாலு பண்ணை, உங்க ரிப்பன் கலர் எதுவோ அந்தப் பக்கம்தான் சீட்டு, அந்தப் பண்ணை கௌபாய்க்குதான் கத்தணும். நடுவுல மண்ணு கொட்டின களம். சாப்பாடு இரும்புச் சட்டியில வரும், சில்லிங்கற கறிக் குழம்பு, சிக்கன், ரிப்ஸ், உருளைக்கிழங்கு. காரம்னு ஒண்ணும் கிடையாது, அம்மா ஹேண்ட்பேக்லேர்ந்து ஊறுகாய் பாக்கெட்ட எடுத்தாங்க, நான் தெரியாத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

ஆனா அந்த ரைடிங்! முழு வேகத்துல ஓடுற குதிரைமேல இருந்து ஒருத்தர் பக்கவாட்டுல சரிஞ்சு, ரெண்டு காலும் மண்ணுல பட்டு, பட்ட வேகத்துலயே எகிறி மறுபடி சேணத்துல உக்காந்தார். கம்பி இல்ல, கயிறு இல்ல, முன் வரிசையில எங்க தட்டு வரைக்கும் மண்ணு தெறிச்சுது. அப்புறம் கோச்சுங்கற பயணிகள் குதிரை வண்டிய மடக்கிப் பிடிக்கிற சீன், காட்டெருமைங்க மொத்தமா உள்ள வர்ற சீன். அது வந்தப்ப வாசனையும் கூடவே வந்துச்சு, யாரும் சாப்பிடல. குறி தப்பாம சுடுறதுல பேர் போன ஆனி ஓக்லியா ஒருத்தங்க வந்து சுடுற இடம் மட்டும் எனக்கு சப்புன்னு இருந்துச்சு, கூரைக்கு கீழ நிஜ தோட்டா சுட மாட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம் என்ன த்ரில் இருக்கும். பின்னாடி மிக்கியையும் அவரு கூட்டாளிங்களையும் வேற இதுக்குள்ள நுழைச்சாங்க, அது தேவையே இல்ல.

வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் ஆச்சரியம். பஃபலோ பில்லுங்கறது நிஜ ஆளு, வில்லியம் கோடி. ரயில்வே ஆளுங்க சாப்பாட்டுக்கு காட்டெருமை வேட்டையாடினதுல வந்த பேரு அது, தானே 4,280 எருமை கொன்னதா எழுதி வச்சிருக்கார். அவர் பேர்ல நடந்த ஷோல எருமைங்களுக்குதான் அதிக கைத்தட்டல், அத என்ன சொல்றது. 1883ல ஒமாஹால அமெரிக்க மேற்குப்பக்க வாழ்க்கைய காட்டுற தன்னோட 'வைல்ட் வெஸ்ட்'ட ஆரம்பிச்சார், 'ஷோ'ங்கற வார்த்தைய மட்டும் சேர்க்கவே விடமாட்டாராம், இது வேடிக்கை இல்ல நிஜ வாழ்க்கைன்னு. டிஸ்னி முதல் வேலையா அந்த 'ஷோ'வ ஒட்ட வச்சிடுச்சு. கோச் வண்டிய தாக்குற சீனெல்லாம் அவரு காலத்து ஐட்டம்தான். ஆனி ஓக்லி 1885ல சேர்ந்தவங்க, அதே வருஷம் லகோட்டா பழங்குடித் தலைவர் சிட்டிங் புல்லும் நாலு மாசம் கூட வந்தார், டிஸ்னி ஷோல ஒரு நடிகர் அவரா வந்து அமைதியா நின்னப்ப அது தெரியாமப் போச்சேன்னு இப்ப தோணுது. செவ்விந்தியரா வந்தவங்க பலர் அமெரிக்காவுலேர்ந்து வந்த நிஜ பழங்குடி ஆளுங்க, பெயிண்ட் பூசின ஃப்ரெஞ்சுக்காரங்க இல்ல.

இன்னொண்ணு, கோடி 1889லயே பாரிஸுக்கு வந்துட்டார், ஈஃபில் டவர் தொறந்த அதே வருஷ கண்காட்சி சமயத்துல. டிஸ்னி கொண்டுவந்த புதுசுன்னு நெனச்சது, நூறு வருஷம் முன்னாடியே இந்த ஊர் பாத்துட்ட விஷயம். அவரோடது 1913ல கடன்ல மூழ்குற வரைக்கும் முப்பது வருஷம் ஓடுச்சு. இது 28 வருஷம், 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு பார்க் மூடினப்ப நின்னது, திரும்ப தொறக்கவே இல்ல.

தொப்பிய தூக்கிப்போட எடுத்தேன், அம்மா பிடுங்கிட்டு போய் பால்கனியில வத்தல் காயப்போடும்போது மாட்டிக்கிறாங்க. அறுபது யூரோ குடுத்தது அதுக்குதானாம்.