பணி ஓய்வுக்குப் பின் கதை எழுத வந்தால் யாரிடம் படிக்கக் கொடுப்பது?

வருவாய்த் துறையில் 34 ஆண்டுகள் கோப்பு எழுதிவிட்டு, 60 வயதில் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் கதையிலேயே "மேற்படி வீட்டில் குடியிருந்த மாரியம்மாள் என்பவர்" என்று ஒரு வரி. அது கதையின் மொழி இல்லை, அலுவலகத்தின் மொழி என்று எனக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை அந்தக் கதையைப் படித்தவர்கள் குறைவில்லை. எல்லோரும் "அருமைம்மா" என்றார்கள்.

நம் ஊரில் வயதான பிறகு எழுத வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய தடை என்று நினைக்கிறேன். பெரியவர் மனசு நோகக்கூடாது என்ற மரியாதை. நல்ல எண்ணத்தில் வருவதுதான், ஆனால் அது எழுத்தை வளரவிடாது. ஆதரவான குழு தேடுகிறவர்கள் தட்டிக்கொடுக்கும் குழுவைத் தேடக் கூடாது. நம் பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு வந்து பேசுகிற நாலு பேர் கிடைத்தால், அதைவிடப் பெரிய ஆதரவு வேறில்லை. நான் போய்ப் பார்த்த இடங்களை அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் வாட்ஸ்அப் குழு. ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் நுழையும் வாசல் இதுதான். நான் சேர்ந்த குழுவில் 200 பேருக்கு மேல். 1,200 சொல் கதையைப் போட்ட இரண்டாவது நிமிடத்தில் பதினோரு கைதட்டல் வந்தது. அதற்குள் யார் படித்திருக்க முடியும்? மாலைக்குள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் கதை புதைந்துபோனது. ஆனாலும் ஒரு நன்மை உண்டு. வாரம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள், ஞாயிறு இரவுக்குள் அனுப்ப வேண்டும். கை வராமல் தவிக்கிறவர்களுக்கு அந்தக் கெடு உதவும். மூன்று மாதம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பிரதிலிபி இதற்கு நேர் எதிர். 2014 இல் பெங்களூரில் தொடங்கிய இந்தக் கதைப் பதிவு இணையத் தளத்தில் தமிழ் வாசகர்கள் ஏராளம். அவர்களுக்கு நம் வயது தெரியாது, முகம் தெரியாது. பாகம் பாகமாகப் போட்டால் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணிக்கை தெரியும். என் தொடரில் மூன்றாம் பாகத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். யாரும் வாய்திறந்து சொல்லாததை அந்த எண் சொன்னது. ஏன் நின்றார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது. கருத்துப் பெட்டியில் "அடுத்த பாகம் எப்போ?" என்பதற்கு மேல் அபூர்வமாகத்தான் ஏதாவது வரும். அந்த ஆசைக்காகக் கதையை நீட்ட ஆரம்பித்துவிடுவோம். தொடர்கதைதான் உங்கள் வடிவம் என்றால் இங்கே இருங்கள். சிறுகதைக்காரர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இலக்கிய அமைப்புகளின் கூட்டங்கள் வேறு வகை. 1961 இல் தோன்றிய கலை இலக்கியப் பெருமன்றம், 1975 இல் மதுரையில் பிறந்த தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) இரண்டுக்கும் மாவட்டங்களில் கிளைகள் உண்டு. இரண்டுமே இடதுசாரிப் பின்னணி கொண்டவை, அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. சென்னையில் 1970 இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை ஒரு நல்ல முறையை வகுத்தது. அந்தந்த மாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளை ஒருவர் படித்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்து, ஏன் அது என்று கூட்டத்தில் பேச வேண்டும். அடுத்தவர் கதையை இப்படிப் பிரித்துப் பார்ப்பதைக் கேட்கக் கேட்கத்தான் நம் கதையைப் பார்க்கும் கண் திறக்கிறது. வாசிப்புப் பயிற்சிக்கு இதற்கு ஈடு இல்லை. ஆனால் நம்முடைய கைப்பிரதியை அங்கே திருத்திக்கொள்ள முடியாது. நான் போன ஒரு கூட்டத்தில் கதையை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். மூத்தவர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை மடித்து வைக்கும்போது அழுகை வந்தது.

பணம் கட்டிச் சேரும் இணைய வகுப்புகளும் இருக்கின்றன. நடத்துகிறவர் உங்கள் பக்கத்தைத் தனியாகப் படித்துத் தருவாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது நூலகத்தில் பழக்கமான ஐந்து பேர் கூடும் ஒரு மேசை. ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர், லாரி ஆபீஸ் கணக்கர், தமிழாசிரியை, கல்லூரியில் படிக்கும் பையன், நான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. 1,500 சொல்லுக்குள், மூன்று நாள் முன்னதாக, 14 புள்ளி எழுத்தில் ஜெராக்ஸ். சத்தமாக வாசித்துக் காட்டுவதை விட்டுவிட்டோம். நல்ல குரல் மோசமான வரியைக்கூடக் காப்பாற்றிவிடுகிறது.

எப்படிப் பேசுவது என்பதில்தான் நிறைய யோசித்தோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936 இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் வழியில், மற்றவர்கள் அலசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இருபது வயதில் தாங்கலாம். அறுபதில், அதுவும் சொந்த வாழ்க்கையை எழுதிக் கொண்டுவந்தவருக்கு, முதல் நாளே அது கொடுமை. அமெரிக்க எழுத்தாளர் பாட் ஷ்னைடர் வகுத்த ஆம்ஹெர்ஸ்ட் முறையில் புதிதாக எழுதியதில் பலமானதை மட்டும் சொல்ல வேண்டும், எழுதப்பட்ட எதையும் புனைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது விதி நமக்குப் பொக்கிஷம். "நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்கம்மா" என்று பேச்சு வாழ்க்கைக்குப் போகாமல், கதைசொல்லி என்ன செய்கிறாள் என்று பக்கத்திலேயே நிற்கும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் சொன்ன முறையில், எது மனதில் நின்றது என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு எழுதியவர் கேள்வி கேட்கலாம். அதன் பிறகு மற்றவர்கள், தங்கள் அபிப்பிராயத்தை உள்ளே நுழைக்காத கேள்விகளைக் கேட்க வேண்டும். அபிப்பிராயம் சொல்வது கடைசியில், அதுவும் அனுமதி கேட்டபிறகு. எங்கள் மேசையில் முதல் வரைவுக்கு ஆம்ஹெர்ஸ்ட், இரண்டாம் வரைவுக்கு லெர்மன். வயது வித்தியாசம் உள்ள குழுவில் கேள்வி வடிவம் நன்றாக வேலை செய்கிறது. பெரியவரைக் குறை சொல்லத் தயங்கும் பையன் கேள்வி கேட்கத் தயங்குவதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வாட்ஸ்அப்பில் கிணற்றடி, பாட்டி, பண்டிகை என்று எழுதினால்தான் வரவேற்பு. இந்த மேசையில் என் வேலையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எழுத்தாளர் அ. முத்துலிங்கத்தின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1964 இல் வந்தது, அடுத்தது 1995 இல். நடுவில் பல நாடுகளில் உத்தியோகம். அந்த நாடுகள்தான் பின்னால் கதைகளாகத் திரும்பின. தாமதமாகிவிட்டதே என்று மருகுகிற நமக்கு வேலை பார்த்த வருடங்கள் வீணில்லை.

தாலுகா அலுவலகத்தில் வருடாவருடம் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்க வந்த ஒரு கிழவியைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருந்தேன். புல எண், உட்பிரிவு எல்லாம் சரியாக இருந்தது. செவிலியர் கேட்டார்: "அக்கா, அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே. மனுவை யாரு எழுதிக் குடுத்தா?"

34 வருடம் நான் அலுவலகத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மனுக்கள் எழுதியேதான் என் மேசைக்கு வந்தன. வெளியே வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவரை நான் யோசித்ததே இல்லை. கதை இப்போது அவருடையதாகிவிட்டது. மூன்றாம் வரைவு நடக்கிறது. வியாழக்கிழமைக்குள் ஜெராக்ஸ் கொடுத்தாக வேண்டும்.