இபிஜிபி: கணக்கு சுத்தம், விலைப்பட்டியல்தான் தலைவலி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் புதிதாக கில்டு (ஆட்டக்காரர் குழு) தொடங்கும் நண்பர் ஒருவர், ரெய்டில், அதாவது பலர் சேர்ந்து பாஸ் எனும் பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டத்தில், விழும் பொருட்களைப் பங்கிட எந்த லூட் முறை சரிவரும் என்று கேட்டார். இபிஜிபி என்ற புள்ளி முறையை நெடுநாள் ஓட்டிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உழைப்புக்கு ஈபி, எடுத்த பொருளுக்கு ஜிபி, ஈபியை ஜிபியால் வகுத்து வரும் பிஆர் (முன்னுரிமை எண்) யாருக்கு அதிகமோ அவருக்குப் பொருள். இந்த அடிப்படை தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது வாராந்திரக் கழிவு. ஈபி, ஜிபி இரண்டிலும் 10% கழித்தால் விகிதம் மாறாதே, பிறகு எதற்கு என்றுதான் முதலில் தோன்றும். சூட்சுமம் பேஸ் ஜிபியில், அதாவது எல்லோருடைய ஜிபியோடும் கூட்டப்படும் நிலையான எண்ணில் இருக்கிறது, ஏனென்றால் அது கழியாது. பேஸ் 500 என்று வைப்போம். எதையும் எடுக்காமல் 5000 ஈபி சேர்த்தவரின் பிஆர் 10. கழிவுக்குப் பின் 4500/500, அதாவது 9. அதே 5000 ஈபியோடு 2000 ஜிபிக்குப் பொருள் எடுத்தவர் 2-இலிருந்து 1.96-க்குத்தான் இறங்குவார். பதுக்குபவருக்கு அடி, எடுத்துப் போட்டு ஆடுபவருக்குச் சிராய்ப்பு. சேர்த்த புள்ளியைக் கொடுத்துப் பொருள் வாங்கும் டிகேபி முறையில் புள்ளிகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வந்து அள்ளிப்போகும் ஆசாமிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பேஸைக் குறைத்து வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பேஸ் 100 என்றால், 300 ஈபியோடு நேற்று சேர்ந்தவருக்கு பிஆர் 3. 5000 ஈபி, 2000 ஜிபி உள்ள பழைய டாங்குக்கு (எதிரியின் அடியைத் தாங்கும் ஆட்டக்காரர்) 2.38. புதியவர் ஜெயிப்பார், டாங்க் டிஸ்கார்டில் கத்துவார். பேஸை 500 ஆக்கினால் புதியவர் 0.6, டாங்க் 2. அதற்கு மேல் குறைந்தபட்ச ஈபி என்று ஒரு வரம்பும் வையுங்கள். அதைத் தொடாதவர் வரிசையில் கடைசி.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு பொருளின் ஜிபி விலையை ஐட்டம் லெவலையும் (பொருளின் தர எண்) அது உடம்பில் எங்கே மாட்டப்படுகிறது என்பதையும் வைத்துச் சூத்திரம் போடுகிறது. ட்ரேக் ஃபாங் டாலிஸ்மன் என்ற டிரிங்கெட் (சிறு அணிகலன்) எபோன்ராக் என்ற பாஸிடம் விழும். 56 அட்டாக் பவர், 2% ஹிட் (அடி தவறாமல் படும் வாய்ப்பு). அடுத்தடுத்த ரெய்டுகள் வந்தாலும் நெருங்கி அடிக்கும் வகுப்பினரான ரோகும் வாரியரும் அதைக் கழற்ற மாட்டார்கள். அடுத்த கட்டத்திலேயே தூக்கிப்போடும் மார்புக் கவசத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சூத்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஆகவே கில்டு அதிகாரிகள் உட்கார்ந்து கையால் விலையை ஏற்றுகிறார்கள். ஏற்றியவர்களில் ஒரு ரோக் இருந்தால் போச்சு. யாருக்குப் பொருள் என்று சில பேர் கூடி முடிவெடுக்கும் லூட் கவுன்சில் வேண்டாம் என்றுதானே இந்த முறைக்கு வந்தோம்? பின்வாசல் வழியாக அதே கவுன்சில் உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. விலை மாற்றம் எதுவானாலும் அந்த ரெய்டு திறக்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். பாஸ் விழுந்த பிறகு விலையைத் தொட்டால் கில்டு உடையும்.

இன்னொன்று: ஆட்-ஆன்கள் (விளையாட்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) வழக்கமாக இந்தக் கணக்கை கில்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் உள்ள ஆபிசர் நோட்டில்தான் வைக்கும். யாரையாவது கில்டிலிருந்து நீக்கினால் அவர் கணக்கும் போச்சு. அந்த நோட்டைத் திருத்தும் அனுமதி இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ரெய்டு முடிந்ததும் ஒரு நகல் எடுங்கள்.

நான் பார்த்த முறைகளில் நியாயமானது இதுதான். ஆனாலும் நண்பருக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் புது கில்டுக்கு சாஃப்ட் ரிசர்வ் போதும்: ஆளுக்கு இரண்டு பொருள் முன்கூட்டியே பதிய வேண்டும், விழுந்தால் பதிந்தவர்கள் மட்டும் ரோல் (பகடை போல எண் உருட்டுவது). அன்றைய கணக்கு அன்றே தீர்ந்துவிடும். ரெய்டின் நாற்பது பேரும் வாராவாரம் அதே முகங்களாக வரத் தொடங்கினால் இபிஜிபி போடட்டும். டிரிங்கெட் விலை என்ன வைக்கலாம் என்று மட்டும் அப்போது என்னிடம் கேட்க வேண்டாம்.