கன்னியாகுமரி ஏழு நிற மணல் பாக்கெட்: வாங்கிப் பார்த்ததில் தெரிந்தது

கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சங்குமாலைகளுக்கும் சோழிகளுக்கும் நடுவே தொங்கிய ஏழு நிற மணல் பாக்கெட் ஒன்றைச் சென்ற மாதம் 20 ரூபாய்க்கு வாங்கினேன். பகவதியம்மனுக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் நடக்கவிருந்த திருமணம் நின்றுபோனதால், சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று பாட்டி சொன்ன கதை நினைவில் இருந்ததால் அதைக் கடந்து போக மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் தட்டில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றினேன். பச்சையும் ரோஜா நிறமும் சற்று நேரத்தில் தண்ணீரோடு கலந்து வெறும் வெள்ளை மணலாய் நின்றன. எல்லாம் இயற்கை நிறம் என்று சொல்லி விற்றது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனால் கறுப்பும் சிவப்பும் அசையவில்லை. கறுப்பு இல்மனைட் என்ற தாது, சிவப்பு கார்னெட் என்ற தாது. இரண்டுமே சாதாரண வெள்ளை மணலைவிட மிகவும் கனமானவை என்பதால், அலை வெள்ளை மணலை அரித்துக்கொண்டு போனபின் கரையில் தனித் திட்டுகளாய்த் தங்குகின்றன. சுழற்றிய தட்டின் நடுவில் கறுப்பு ஒதுங்கி நின்றதும், வெயிலில் சிவப்பு மணிகள் மாதுளை முத்துப்போல் மின்னியதும் கொடுத்த காசுக்கு மேலான காட்சி.

இந்தக் கரையோர மணலில் மோனசைட் என்ற தாதுவும் கலந்திருக்கும். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. 1909-இல் குமரி மாவட்டக் கடலோர ஊரான மணவாளக்குறிச்சியில் மோனசைட் கண்டறியப்பட்டதிலிருந்தே இப்பகுதி பேசப்படுகிறது. ஒரு சிறு பாக்கெட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், அதைக் குழந்தைகள் அளைந்து விளையாடவோ மீன்தொட்டியில் கொட்டவோ விடாமல், இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்துப் பார்த்து மகிழ்வதே முறை. பாக்கெட்டின் பிளாஸ்டிக் மிக மெல்லியது. என்னுடையது பையிலேயே ஓரம் கிழிந்துவிட்டது.

காசு மிச்சம் என்று கரையிலிருந்து மணலைத் தண்ணீர் பாட்டிலில் அள்ளிச் செல்பவர்களையும் அன்று பார்த்தேன். தமிழக அரசு 2013-இல் தனியார் கடற்கரைத் தாது மணல் அள்ளுவதையே நிறுத்தியது. இத்தாலியின் சார்டீனியாவில் மணலோ கூழாங்கல்லோ எடுத்துச் செல்பவருக்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். வருகிற ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் எடுத்தால் கன்னியாகுமரியின் அந்தச் சிறிய கரை தாங்காது என்பதை அங்கே பத்து நிமிடம் நின்று கூட்டத்தைப் பார்த்தாலே உணரலாம். கடையில் வாங்குவதும் எங்கோ ஒரு கரையில் அள்ளியதுதான் என்பதால், ஒரு குடும்பத்துக்கு ஒரு பாக்கெட் போதும் என்பேன்.

சாயமிட்ட நிறங்களை விட்டுவிட்டு, கறுப்பும் சிவப்பும் மட்டும் எந்த ஊர் மணல் என்ற குறிப்போடு கெட்டியான குப்பியில் கிடைத்தால் 50 ரூபாய் கொடுத்தும் வாங்குவேன்.